மழை பொய்த்தால் யார் கணக்கில்?

1874இல் பிஹாரில் விசித்திரமான ஒரு பஞ்சம் வந்துபோனது. மழை பொய்த்தது, நெல் கருகியது. ஆனால் பட்டினிச் சாவு மிகக் குறைவு. நிவாரணப் பொறுப்பில் இருந்த ரிச்சர்ட் டெம்பிள் என்ற ஆங்கிலேய அதிகாரி, பர்மாவிலிருந்து சுமார் நாலரை லட்சம் டன் அரிசியை வரவழைத்து ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். பஞ்சம் ஓய்ந்தபோது அரிசி மிச்சமாக இருந்தது. அதுவே அவருக்கு வினையானது. ஊதாரி என்று லண்டனில் ஏசினார்கள். சாவு இல்லையென்றால் ஆபத்தே இல்லை என்றுதானே அர்த்தம், எதற்கு இவ்வளவு செலவு என்பது வாதம்.

மூன்று ஆண்டு கழித்து, 1877 ஜனவரியில், வைஸ்ராய் லிட்டன் அதே டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். தாது வருஷப் பஞ்சம் என்று தமிழ்நாடு நினைவில் வைத்திருக்கும் பஞ்சம் அது. இந்தமுறை செலவுப் பக்கம் தவறுவதில்லை என்ற முடிவோடுதான் டெம்பிள் வந்திருந்தார். நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம், கூடவே சில்லறைக் காசு. இதைத் தின்று கடப்பாறை பிடிக்க முடியாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுத்தில் மறுத்தார். கூலி போதாது என்பதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு மறுத்தவர் தலையில் விழுந்தது. சில மாதங்களில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் முகாம்களில் பிணங்கள் விழத் தொடங்கியிருந்தன. 1876-78 பஞ்சத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் மட்டும் 55 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கு. அதைவிட அதிகம் என்போரும் உண்டு. சென்னையில் அடையாறுக்கும் கூவத்துக்கும் இடையே ஓடும் பக்கிங்காம் கால்வாய்த் துண்டு அந்தக் காலத்து நிவாரணக் கூலிகள் வெட்டியது.

வானிலையைப் பற்றிய விவாதங்களில் எண்களை யார் சரியாகச் சொன்னார் என்பதைவிட, எண் பிசகினால் இழப்பு யார் தலையில் விடிகிறது என்பதுதான் பெரிய கேள்வி. டெம்பிள் இருமுறை பிசகினார் என்றே வைத்துக்கொள்ளலாம். முதல் பிசகின் விலை கஜானாவுக்கு, இரண்டாவதன் விலை குடியானவனுக்கு. கெட்ட பெயர் வாங்கித் தந்தது முதலாவதுதான்.

இந்தப் பின்னணியில்தான் மழையை முன்கூட்டிச் சொல்லும் தொழில் அரசாங்க உத்தியோகமாக உருவெடுத்தது. அதற்கு முன்பும் ஆள் இல்லாமல் இல்லை. மார்கழியில் மேகங்களின் கர்ப்போட்டம் பார்த்து அடுத்த ஆண்டு மழையைச் சொல்பவர்கள் இருந்தார்கள். இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை என்று பஞ்சாங்கமும் ஓர் எண்ணை நீட்டியது. கோட்டையில் இருந்தவர்களுக்கு வேறு வகைப் பஞ்சாங்கம் தேவைப்பட்டது.

முதலில் அகப்பட்டது சூரியன். அரசின் புள்ளிவிவரத் துறைத் தலைவர் டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர், 1813 முதல் சென்னையில் பதிவாகியிருந்த மழைக் கணக்கை எடுத்து, சூரியக் கரும்புள்ளிகளின் 11 ஆண்டுச் சுழற்சியோடு அடுக்கிப் பார்த்தார். புள்ளி குறைந்த ஆண்டுகளில் மழையும் குறைவு என்று 1877இல் எழுதினார். லண்டனில் நார்மன் லாக்கியர் என்ற பெரிய வானியலாளர் கைகோத்துக்கொண்டார். அழகான பொருத்தம். வேறு ஊர்களின் மழைக் கணக்கைச் சேர்த்ததும் அது குலைந்தது. ஆனாலும் ஆட்சியாளர்களுக்கு அதில் ஒரு வசதி இருந்தது: பஞ்சத்துக்குக் காரணம் சூரியன் என்றாகிவிட்டால் தானிய ஏற்றுமதியைப் பற்றியும் வரி வசூலைப் பற்றியும் யாரும் கேட்கமாட்டார்கள்.

இந்திய வானிலைத் துறை 1875இல் தொடங்கியது. கல்கத்தாவில் முதல் தலைவராக இருந்த ஹென்றி பிளான்ஃபோர்டு நிலவியல் படித்தவர், நிதானமானவர். இமயத்தில் பனி அதிகம் விழுந்தால் அடுத்து வரும் பருவமழை பலவீனம் என்று அவர் கண்டார். 1882 முதல் சோதனையாகச் சில ஆண்டுகள் சொல்லிப் பார்த்தார். 1886 ஜூனில் முதல் முறையான பருவ முன்னறிவிப்பு வெளிவந்தது. பனி மட்டுமல்ல, 1876-78இல் சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை காற்றழுத்தம் வழக்கத்தைவிட உயர்ந்திருந்ததையும் அவர் குறித்து வைத்தார். 1888இல் அடிலெய்டில் இருந்த சார்லஸ் டாட், இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்தே வறள்கின்றன என்று கவனித்தார். பின்னால் எல் நினோ என்று உலகம் பேசப்போகும் பிராணியின் வால் இரண்டு பேர் கைகளில் பட்டது. முழு உருவம் தெரிய இன்னும் எண்பது ஆண்டுகள் ஆயின.

பிளான்ஃபோர்டுக்குப் பின் 1889இல் வந்த ஜான் எலியட்டுக்கு நம்பிக்கை அதிகம். பனியோடு தென் இந்தியப் பெருங்கடல் காற்று, மொரீஷியஸ் அழுத்தம், ஆஸ்திரேலிய நிலவரம் என்று சேர்த்துக்கொண்டே போனார். முன்னறிவிப்பு நீண்டு, பக்கம் பக்கமாக வளர்ந்தது. 1899இல் நல்ல மழை என்றார். அந்த ஆண்டுதான் குஜராத்தும் ராஜபுதனமும் வெந்தன. விக்ரம ஆண்டு 1956இல் வந்ததால் ‘சப்பனியா’ என்று இன்றும் அங்கே பெயர் சொல்லும் பஞ்சம் அது. பத்திரிகைகள் கிழித்தன. அரசு கண்டுபிடித்த தீர்வு வினோதமானது: முன்னறிவிப்பை நிறுத்தவில்லை, பொதுமக்களுக்குச் சொல்வதை நிறுத்தியது. சில ஆண்டுகள் அது அதிகாரிகளுக்கு மட்டுமான ரகசியக் காகிதமாக ஓடியது. குழப்பத்தை உடைத்துச் சொல்வதா, மறைப்பதா என்று வரும்போது அரசுகளின் கை எந்தப் பக்கம் போகும் என்பதற்கு இது பழைய சாட்சி.

1904இல் வந்தார் கில்பர்ட் வாக்கர். வானிலையைப் பற்றி ஒன்றும் தெரியாத கணிதர். கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் முதலிடம் பிடித்தவர். பூமராங் எறிவதில் பைத்தியம், அதனால் ‘பூமராங் வாக்கர்’ என்று பெயர். புல்லாங்குழல் பற்றியும் பறவைகள் பறப்பது பற்றியும் எழுதியவர். இப்படிப்பட்ட ஆளை எலியட்டின் நாற்காலியில் உட்கார வைத்ததற்குப் பின்னால் ஒரு யோசனை இருந்தது. பருவமழையின் இயற்பியல் யாருக்கும் புரியவில்லை. புரியும்வரை காத்திருந்தால் பஞ்சம் காத்திருக்காது. அதுவரை எண்களையாவது கேட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தார்கள்.

வாக்கர் உலகத்தின் காற்றழுத்தம், வெப்பம், மழை, ஆற்று நீர்மட்டம் என்று கிடைத்த எல்லாவற்றையும் திரட்டினார். கணினி இல்லாத காலம். இந்திய எழுத்தர்கள் வரிசையாக உட்கார்ந்து கையாலேயே பெருக்கி வகுத்தார்கள். எந்த ஊர் அழுத்தம் எந்த ஊர் மழையோடு ஏறி இறங்குகிறது என்று நூற்றுக்கணக்கான ஜோடிகள். 1909 முன்னறிவிப்பில் இமயப் பனி, மொரீஷியஸ் அழுத்தம், தென் அமெரிக்க அழுத்தம், ஸான்ஸிபார் மழை என நான்கு காரணிகள் ஒரு சூத்திரத்துக்குள் வந்தன.

இங்கே அவர் ஹண்டரிடமிருந்து விலகிப்போகும் இடம் முக்கியமானது. ஆயிரம் ஜோடிகளைச் சோதித்தால் அதில் சில ஜோடிகள் வெறும் தற்செயலாகவே பிரமாதமாகப் பொருந்தும். அப்படிப் பொருந்துவதை நம்புவதற்கு முன்னால், தற்செயலாக எவ்வளவு பெரிய பொருத்தம் வரக்கூடும் என்று கணக்கிட வேண்டும் என்று வாக்கர் 1914இல் எழுதினார். தன் கையில் இருக்கும் சரக்கின் மேலேயே சந்தேகத்துக்கு ஒரு அளவுகோல் வைத்த முதல் மழைக்காரர் அவர்தான். கரும்புள்ளியையும் அதே தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று ஒதுக்கினார். கணக்கு தெளிவாக ஒரு பக்கம் சாயாத ஆண்டில் வாயை மூடிக்கொண்டிருப்பதே மேல் என்பதும் அவர் கட்சி. எந்த அரசும் விரும்பிக் கேட்கும் பேச்சு அல்ல இது.

(தமிழ் வாசகர்களுக்கு வாக்கர் வேறொரு வழியில் உறவு. 1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தவரிடம் துறைமுகக் கழகத் தலைவர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு குமாஸ்தாவின் நோட்டுகளைக் காட்டினார். இது என் துறை அல்ல, ஆனால் ஆள் அசாதாரணமானவர் என்று வாக்கர் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகையோடு இராமானுஜன் குமாஸ்தா வேலையிலிருந்து விடுபட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்தவரை உறுதியாகப் பரிந்துரைப்பதும் ஒரு வகை முன்னறிவிப்புதான். அவருடைய கணிப்புகளில் மிகச் சரியாகப் பலித்தது அதுவாக இருக்கலாம்.)

அந்த எண்களின் குவியலிலிருந்து 1924 வாக்கில் பெரிய ஒன்று வெளிப்பட்டது. பசிபிக்கில் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடலில் இறங்குகிறது, இங்கே ஏறும்போது அங்கே இறங்குகிறது. ‘தென் அலைவு’ என்று வாக்கர் பெயரிட்டார். லண்டனில் பலர் நம்பவில்லை. காரணம் சொல்லாமல் எண்ணை மட்டும் காட்டுகிறாரே என்றார்கள். நியாயமான குறைதான். ஆனால் காரணம் தெரியாதது, விஷயம் பொய் என்பதற்குச் சான்றாகாது. 1958இல் வாக்கர் இறந்தார். 1960களில் யாக்கோப் பியர்க்னெஸ் பசிபிக் கடலின் சூட்டையும் இந்த அலைவையும் ஒரே இயந்திரத்தின் இரண்டு பக்கங்களாகக் காட்டி, அந்தக் காற்றோட்டத்துக்கு வாக்கரின் பெயரையே வைத்தார். எல் நினோ முன்னறிவிப்பின் அடித்தளம் இதுதான்.

சோகம் என்னவென்றால், இந்தியப் பருவமழையைச் சொல்லத்தான் வாக்கர் இதையெல்லாம் தேடினார். அதுமட்டும் கைக்கு வரவில்லை. ஒரு தலைமுறைக்குப் பொருந்திய காரணிகள் அடுத்த தலைமுறையில் கழன்றுகொண்டன. இமயப் பனியும் ஸான்ஸிபார் மழையும் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தன. அவருக்குப் பின் துறையை நடத்திய சார்லஸ் நார்மண்ட் 1953இல் கசப்போடு ஒன்றைச் சுட்டினார்: பருவமழையை வைத்து மற்ற இடங்களின் வானிலையைச் சொல்வது எளிது, மற்ற இடங்களை வைத்துப் பருவமழையைச் சொல்வது கடினம்.

1988இல் வசந்த் கோவாரிகரின் குழு 16 காரணிகள் கொண்ட புதிய சூத்திரத்தோடு வந்தது. அடுத்த பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து வெற்றி. ஏறக்குறைய ஒவ்வொரு ஆண்டும் ‘இயல்பான மழை’ என்றார்கள், ஏறக்குறைய ஒவ்வொரு ஆண்டும் அப்படியே பெய்தது. இதில் சூத்திரத்தின் பங்கு எவ்வளவு, இயற்கையின் தயவு எவ்வளவு என்று அன்று கேட்டவர்கள் குறைவு. 1988 முதல் 2001 வரை நாடு தழுவிய வறட்சி ஒன்றுகூட வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ‘இயல்பு’ என்று சொல்லியிருந்த எவரும் அதே மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். 1997இல் நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களில் ஒன்று வந்தும் மழை சரியாகவே பெய்தது. இந்தியப் பெருங்கடலுக்கு இருமுனை அலைவு என்று தனி ஊஞ்சல் ஒன்று உண்டென்பதை 1999இல் சாஜி, கோஸ்வாமி, வினயசந்திரன், யமகாட்டா ஆகியோர் எழுதிய பிறகுதான் அந்தப் புதிர் ஓரளவு அவிழ்ந்தது.

2002இல் சூத்திரம், நீண்டகாலச் சராசரியில் 101 சதவிகித மழை என்றது. ஜூலையில் வரவேண்டிய மழையில் ஏறக்குறைய பாதிதான் வந்தது. பருவம் முழுவதற்கும் 81 சதவிகிதத்தில் நின்றது. 16 காரணிகளைத் தள்ளிவிட்டு எட்டும் பத்தும் கொண்ட சூத்திரங்கள் வந்தன. 2004இல் அவையும் தோற்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சுலோசனா காட்கில், துறையைச் சேர்ந்த ராஜீவனையும் சேர்த்துக்கொண்டு, ‘இன்னொரு தோல்வி ஏன்’ என்ற பொருளில் ஒரு கட்டுரையே எழுதினார். பல பத்தாண்டுகளாகச் சூத்திரங்கள் மாறினவே தவிரத் திறன் கூடவில்லை என்பது அதன் சாரம். துறைக்குள் இருப்பவரே அதில் கையெழுத்திட்டது சிறிய விஷயம் அல்ல. 2009இல் ஏப்ரலில் 96, ஜூனில் 93, கடைசியில் வந்தது 78.

எண்ணைச் சுற்றி எழுதப்பட்ட சிறிய எழுத்தை யாரும் படிப்பதில்லை என்பது இந்த வரலாற்றின் தொடர்கதை. ஏப்ரல் முன்னறிவிப்போடு ‘கூடவோ குறையவோ ஐந்து சதவிகிதம்’ என்று ஒரு வால் எப்போதும் உண்டு. இயல்பு என்பது 96 முதல் 104 வரை. 96 என்று சொல்லப்பட்ட ஆண்டில், வாலைச் சேர்த்துப் பார்த்தால், இயல்பான மழையும் குறைந்த மழையும் அதே வாக்கியத்துக்குள் இருந்தன. தலைப்பில் வந்தது மட்டும் ‘இயல்பு’. இப்போது துறை ஐந்து வகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவிகித வாய்ப்பு என்று அட்டவணை போடுகிறது. நல்ல மாற்றம். ஆனால் அந்த அட்டவணையைச் செய்தித்தாளில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டுக்காரருக்கு அந்த அகில இந்திய எண்ணே பாதி அந்நியம். இங்கே பெருமழை வடகிழக்குப் பருவத்தில். எல் நினோ தென்மேற்கைக் கெடுக்கும் ஆண்டில் வடகிழக்கைத் தூண்டிவிடுவது வழக்கம். 2015இல் நாட்டுக்கு 86 சதவிகிதம், வறட்சி. அதே எல் நினோ ஆண்டின் டிசம்பரில் சென்னை மூழ்கியது. மறு ஆண்டு வடகிழக்கு 62 சதவிகிதம் குறைந்து நூற்றாண்டில் காணாத வறட்சி. ஒரே நாட்டுக்கு ஒரே எண் என்பது டெல்லிக்கு வசதி, டெல்டாவுக்கு அல்ல.

மழைக் கணிப்பு பிசகினால் இப்போது அடி விழுவது வயலில் மட்டுமல்ல, மின்கம்பியிலும்தான். மழை தவறும் நாளில் அணையில் நீர் குறைகிறது, புனல் மின்சாரம் சுருங்குகிறது. அதே நாளில் உழவர் மோட்டாரை நீண்ட நேரம் ஓட்டுகிறார், நகரத்தார் ஏசியைப் போடுகிறார்கள். வரவு குறைவதும் செலவு கூடுவதும் ஒன்றாக வருகின்றன. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் சரிந்து 60 கோடிக்கும் மேற்பட்டோர் இருளில் விழுந்ததற்குப் பின்னால் கட்டுப்பாட்டு அறைப் பிழைகள் பல உண்டு. தாமதித்த மழையும், பஞ்சாப், ஹரியாணா வயல்களின் மோட்டார்களும் கம்பிகளின் மேல் ஏற்றிய சுமையும் உண்டு. 2023 ஆகஸ்ட், 1901க்குப் பின் மிக வறண்ட ஆகஸ்ட். மழை 36 சதவிகிதம் குறைவு. செப்டம்பர் தொடக்கத்தில் நாட்டின் உச்ச மின்தேவை அதுவரை இல்லாத அளவாக 2.4 லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. ஈடுகொடுத்தது பெரும்பாலும் நிலக்கரி.

காலநிலை விவாதமும் இந்த மழைக்காரர்கள் நடந்த அதே தடத்தில்தான் நடக்கிறது. 1979இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில் ஜூல் சார்னி தலைமையில் கூடிய சிலர், காற்றில் கரியமில வாயு இரட்டித்தால் பூமி எவ்வளவு சூடாகும் என்று விசாரித்தார்கள். கையில் இருந்தவை இரண்டு மாதிரிகள். மனாபே என்ற விஞ்ஞானியுடையது 2 டிகிரி என்றது, ஹான்சன் என்பவருடையது 4. கீழே அரை, மேலே அரை விட்டு 1.5 முதல் 4.5 வரை என்று எழுதினார்கள். ஏறக்குறைய 40 ஆண்டுகள் அந்த இடைவெளி பெரிதாக அசையவில்லை. 2021இல்தான் ஐ.நா. காலநிலைக் குழு அதை 2.5 முதல் 4 வரை என்று இறுக்கியது. அந்த நாற்பது ஆண்டுகளும் ‘எண் இன்னும் தெளியவில்லை, பொறுப்போம்’ என்பது எரிபொருள் தரப்பின் முதன்மை வாதம். 4.5 என்ற மேல் முனையும் அதே வாக்கியத்தில்தான் இருந்தது. நிச்சயமின்மை இரு பக்கமும் வெட்டும். பேசப்பட்டது ஒரு பக்கம் மட்டும்.

இந்திய மழைக்கும் நிலக்கரிக்கும் இன்னொரு முடிச்சும் உண்டு. கரியமில வாயு மழையைக் கூட்டும் பக்கம் தள்ளுகிறது; சூடான காற்று ஒரு டிகிரிக்குச் சுமார் 7 சதவிகிதம் கூடுதல் ஈரம் தாங்கும். ஆனால் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தியப் பருவமழை பலவீனமானது. நிலக்கரியும் விறகும் கக்கிய துகள்கள் வெயிலை மறைத்து நிலத்தைக் குளிர வைத்ததே முதன்மைக் காரணம் என்கிறது அதே ஐ.நா. குழுவின் 2021 அறிக்கை. ஒரே புகைபோக்கியிலிருந்து மழையைக் கூட்டுவதும் குறைப்பதும் சேர்ந்து வெளிவருகின்றன. புகையைச் சுத்தம் செய்தால் மழை எந்த அளவு, எங்கே, எப்போது மாறும் என்பதில் இன்றும் பெரிய இடைவெளி இருக்கிறது. கந்தகத் துகள் குறையும்போது மறைந்திருந்த சூடும் வெளியே வரும்.

2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அனல்மின் நிலையங்கள் புகையில் உள்ள கந்தக டை ஆக்ஸைடை வடிகட்டும் கருவியைப் பொருத்தியாக வேண்டும் என்ற நிலைக்குக் கொண்டுவரும் வரம்புகளை விதித்து இரண்டு ஆண்டு கெடு வைத்தது. கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. கருவிக்கு எத்தனை கோடி, யூனிட்டுக்கு எத்தனை பைசா ஏறும் என்பதெல்லாம் துல்லியமாக மேசைக்கு வந்தன. பலன் பக்கத்தில் இருந்த எண்கள் அகலமானவை. நுரையீரலில் இவ்வளவு, வயலில் இவ்வளவு என்று ஒரே எண்ணாக யாராலும் தர முடியவில்லை. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கட்டாயம் விலக்கப்பட்டது. தலைநகர் வட்டாரத்திலிருந்தோ பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களிலிருந்தோ 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை 2027 முடிவதற்குள் பொருத்தியாக வேண்டும். மற்ற நிலையங்களைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் சிற்றூர்களும் மழையை நம்பிய வயல்களும்.